மில்லிநொடிகளை இணையத்தில் அளப்பது: எதிர்வினை நேரப் பரிசோதனைக்கு ஒரு வழிகாட்டி

ஒரு தூண்டல் திரையில் தோன்றுவதற்கும் பங்கேற்பாளர் விசையை அழுத்துவதற்கும் இடையே கழியும் நேரத்தைக் கொண்டு மனத்தின் உள்வேலையை ஊகிக்கும் முறைக்கு, டச்சு நாட்டு மருத்துவர் ஃபிரான்சிஸ்குஸ் டோண்டர்ஸ் 1868-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அடித்தளமாக அமைந்தது. தேர்ந்தெடுத்துச் செய்யும் எதிர்வினைக்கு ஆகும் நேரத்திலிருந்து எளிய எதிர்வினைக்கு ஆகும் நேரத்தைக் கழித்தால், தூண்டலை வேறுபடுத்தி அறிவதற்கும் விடையைத் தேர்ந்தெடுப்பதற்கும் மட்டும் ஆன நேரம் கிடைத்துவிடும் என்பது அவருடைய கணக்கு. மன நிகழ்வுகளை அப்படி அடுக்கடுக்காகப் பிரிக்க முடியுமா என்ற கேள்வி பின்னாளில் பலமாக எழுந்தது. ஆயினும், இணையத்தில் பரிசோதனை நடத்துபவரை இன்றும் காப்பாற்றுவது அந்தக் கழித்தல்தான். பங்கேற்பாளரின் கணினி எத்தகையது, அது எவ்வளவு தாமதம் சேர்க்கிறது என்பது நமக்குத் தெரியாது. அந்தத் தெரியாத அளவு விடையில் இல்லாமல் போகும்படி பரிசோதனையை அமைத்துவிட்டால், அது தெரிய வேண்டிய தேவையும் இல்லை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு நோக்கத்தையே சுற்றி வருகிறது.

தாமதம் எங்கிருந்து வருகிறது

முதலில் ஒரு தவறான அச்சத்தை விலக்கிவிடுவோம். இணைய இணைப்பின் வேகம் எதிர்வினை நேரத்தைப் பாதிப்பதில்லை. நிரலும் படங்களும் முன்கூட்டியே பங்கேற்பாளரின் உலாவிக்கு வந்து சேர்ந்துவிட்டால், அதன்பின் நேரத்தை அளப்பது முழுவதும் அவருடைய கணினியிலேயே நடக்கிறது. சர்வருக்குத் திரும்பிச் செல்வது முடிவுகள் மட்டுமே. ஆகவே மெதுவான இணைப்பினால் பரிசோதனை தொடங்குவது தாமதமாகலாமே தவிர, அளவீடு கெடாது.

உண்மையான தாமதம் திரையிலும் விசைப்பலகையிலும் இருக்கிறது. பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையே ஏறத்தாழ 16.7 மில்லிநொடி இருக்கிறது. அந்த இடைவெளியின் நடுவே எதையும் காட்ட இயலாது. சாதாரண யுஎஸ்பி விசைப்பலகையைக் கணினி பெரும்பாலும் 8 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் விசாரிக்கிறது. அதற்கு முன்பே, விசைப்பலகையின் உள்ளிருக்கும் சுற்று ஒவ்வொரு விசையையும் வரிசையாகச் சோதித்து, அழுத்தம் உறுதியானதா என்று பார்ப்பதில் சிறிது நேரத்தைச் செலவிடுகிறது. இவற்றோடு இயங்குதளமும் உலாவியும் தம் பங்கைச் சேர்க்கின்றன. இவையெல்லாம் கூடி, பதிவாகும் எண் உண்மையான எதிர்வினை நேரத்தைவிடப் பத்துகளில் எண்ணத்தக்க மில்லிநொடிகள் அதிகமாக இருக்கும்.

இந்தத் தாமதத்துக்கு இரு கூறுகள் உண்டு. ஒன்று மாறாத கூறு. மற்றொன்று முயற்சிக்கு முயற்சி (ஒரு தூண்டலும் அதற்கான விடையும் சேர்ந்தது ஒரு முயற்சி) சிதறும் கூறு. ஒரே பங்கேற்பாளர் ஒரே கணினியில் இரு நிலைகளையும், அதாவது ஒப்பிடப்படும் இரு வகை முயற்சிகளையும், செய்யும்போது, மாறாத கூறு கழித்தலில் மறைந்துவிடுகிறது. டி லியூவும் மோட்ஸும் 2016-இல் ஒரே காட்சித் தேடல் பணியை உலாவியிலும் ஆய்வக மென்பொருளிலும் வைத்து ஒப்பிட்டபோது, உலாவியில் நேரங்கள் ஏறத்தாழ 25 மில்லிநொடி கூடுதலாக இருந்தன. ஆனால் நிலைகளுக்கிடையேயான வேறுபாட்டை அளக்கும் திறன் குறையவில்லை.

சிதறும் கூறு பலர் அஞ்சுமளவுக்குக் கொடியதன்று என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். ஒருவருடைய எதிர்வினை நேரம் முயற்சிக்கு முயற்சி 100 மில்லிநொடி திட்ட விலக்கத்தோடு மாறுவதாகக் கொள்வோம்; மனிதர்களிடம் இது இயல்பான அளவே. கணினி சேர்க்கும் சிதறலின் திட்ட விலக்கம் 10 மில்லிநொடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்றால் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும், விடை 100.5. கணினியின் குறையைவிட மனிதரின் இயல்பான ஏற்ற இறக்கமே பலமடங்கு பெரியது. நிலைக்கு 50 முயற்சிகள் என்பதை 51 ஆக்கினாலே இந்த இழப்பு ஈடாகிவிடும். மென்பொருள்களும் இப்போது நன்றாகத் தேறியிருக்கின்றன: பிரிட்ஜஸ் குழுவினர் 2020-இல் வெளியிட்ட விரிவான ஒப்பீட்டில், பரிசோதனைகளை உருவாக்கும் மென்பொருளான சைக்கோபையின் இணைய வடிவம் ஏறக்குறைய எல்லா உலாவிகளிலும் 3.5 மில்லிநொடிக்குக் குறைவான சிதறலையே காட்டியது.

எந்தக் கேள்வியை இணையத்துக்குக் கொண்டுவரலாம்

இதிலிருந்து ஒரு தெளிவான பிரிவினை கிடைக்கிறது. ஒரே நபருக்குள் இரு நிலைகளை ஒப்பிடும் பணிகள் இணையத்துக்கு மிகவும் ஏற்றவை. ஸ்ட்ரூப் (சொல்லை விடுத்து அதன் எழுத்தின் நிறத்தைக் குறிப்பது), ஃபிளாங்கர் (பக்கத்துக் குறிகளைப் பொருட்படுத்தாமல் நடுக்குறிக்கு விடையளிப்பது), சைமன் (தூண்டல் தோன்றும் பக்கத்தைப் பொருட்படுத்தாமல் விடையளிப்பது), பணி மாற்றம் (இரு பணிகளை மாறி மாறிச் செய்வது) போன்ற பழகிய பணிகளைக் கிரம்ப், மெக்டானல், குரெக்கிஸ் ஆகியோர் 2013-இல் அமேசானின் மெக்கானிக்கல் டர்க் என்னும் இணையப் பணித்தளம் வழியே நடத்தி, ஆய்வகத்தில் கிடைக்கும் விளைவுகளையே பெற்றனர். ஒரு தூண்டலை மிகக் குறுகிய நேரம் காட்டி மறைத்து, அது அடுத்த தூண்டலுக்கான விடையை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கும் முன்தூண்டல் பணி அவர்களுக்கு முழுமையாகக் கைகொடுக்கவில்லை. ஒன்றிரண்டு ஃபிரேம்களுக்குள் முடிய வேண்டிய காட்சியைக் கண்ணில் படாத ஒரு கணினியிடம் நம்பி ஒப்படைப்பது இடர்மிக்கது என்பதால் இது வியப்பளிப்பதன்று.

இரு குழுக்களின் வேகத்தை நேரடியாக ஒப்பிடும் ஆய்வுகளில் மேலும் கவனம் தேவை. பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தால், நல்ல கணினியும் பழைய கணினியும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழும். போதிய எண்ணிக்கையில் ஆட்கள் இருந்தால் குறையில்லை. ஆனால் இளையோரையும் முதியோரையும், அல்லது வெவ்வேறு வருவாய்ப் பிரிவினரையும் ஒப்பிடும்போது, குழு வேறுபாட்டோடு கருவி வேறுபாடும் பின்னிக்கொள்கிறது. முதியவர் 40 மில்லிநொடி தாமதிப்பதாகத் தெரிந்தால், அதில் எத்தனை மில்லிநொடி அவருடையது, எத்தனை அவருடைய பழைய கணினியுடையது என்று எந்தப் புள்ளியியல் முறையாலும் பின்னர் பிரிக்க இயலாது. அத்தகைய ஆய்வில் மொத்த வேகத்தை விட்டுவிட்டு, நிலைகளுக்கிடையேயான வேறுபாடு குழுக்களில் எப்படி மாறுகிறது என்பதையே கேள்வியாக்க வேண்டும்.

தனிநபர் வேறுபாடுகளை ஆராய விரும்புவோருக்கு இன்னொரு தடையும் உண்டு. இது இணையத்துக்கு மட்டும் உரியதன்று. ஹெட்ஜ், பவல், சம்னர் ஆகியோர் 2018-இல் எடுத்துக்காட்டியபடி, ஏறத்தாழ எல்லோரிடமும் தவறாமல் தோன்றும் விளைவுகள், ஆட்களை ஒருவரிடமிருந்து ஒருவர் வேறுபடுத்திக் காட்டுவதில் பெரும்பாலும் வலுவிழந்தவையாக இருக்கின்றன. குழுச் சராசரியில் உறுதியாக நிற்பதாலேயே ஒரு பணியைத் தனிநபர் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பணியை வடிவமைத்தல்

ஸ்ட்ரூப் பணியையே எடுத்துக்கொள்வோம். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய சொற்கள் வெவ்வேறு நிறங்களில் தோன்றும். பங்கேற்பாளர் சொல்லைப் பொருட்படுத்தாமல் எழுத்தின் நிறத்துக்குரிய விசையை அழுத்த வேண்டும். வாயால் நிறத்தைச் சொல்லும் மூல வடிவத்தைவிட விசை அழுத்தும் வடிவத்தில் குறுக்கீட்டு விளைவு (சொல்லும் நிறமும் முரண்படும்போது ஏற்படும் தாமதம்) சிறிதாக இருக்கும் என்பதை முன்பே கணக்கில் கொண்டு, எத்தனை பேர் தேவை என்பதை முடிவு செய்ய வேண்டும். பிரைஸ்பார்ட்டும் ஸ்டீவன்ஸும் 2018-இல், ஆட்களின் மாறுபாட்டையும் தூண்டல்களின் மாறுபாட்டையும் சேர்த்தே கணக்கிடும் கலப்பு மாதிரிப் பகுப்பாய்வைக் கருத்தில் கொண்டு, நிலை ஒன்றுக்கு மொத்தம் 1600 அளவீடுகளாவது, அதாவது 40 பேர் ஆளுக்கு 40 முயற்சிகள் செய்தாற்போல, இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தனர். நல்ல தொடக்கப்புள்ளி அது. தேடும் விளைவு மிகச் சிறியதானால் அதுவும் போதாது. தரவை உருவகப்படுத்திப் பார்த்துத் தீர்மானிப்பதே நன்று.

சொல்லும் நிறமும் ஒன்றாக இருக்கும் ஒத்த முயற்சிகளும், அவை வேறுபடும் முரண் முயற்சிகளும் குலுக்கப்பட்டுக் கலந்து வர வேண்டும். ஒரு நிலை முழுவதையும் முதலில் வைத்து மற்றதைப் பின்னர் வைத்தால், பயிற்சியும் களைப்பும் மட்டுமல்லாமல், இடையில் பின்னணியில் ஓடத் தொடங்கிய ஏதோ ஒரு நிரலின் பாதிப்பும் ஒரு நிலையின் மீது மட்டும் விழுந்துவிடும். எந்த நிறத்துக்கு எந்த விசை என்பதைப் பங்கேற்பாளருக்குப் பங்கேற்பாளர் மாற்ற வேண்டும். தூண்டலுக்கு முன் காட்டப்படும் கூட்டல் குறி ஒவ்வொரு முறையும் ஒரே கால அளவு நின்றால், பங்கேற்பாளர் தாளத்தைப் பிடித்துக்கொண்டு தூண்டல் வருவதற்கு முன்பே அழுத்தத் தொடங்குவார். எனவே அதன் கால அளவை, எடுத்துக்காட்டாக 500 முதல் 1500 மில்லிநொடிக்குள், முயற்சிதோறும் மாற்றுவது நல்லது.

காட்சி நேரங்களை ஃபிரேம்களில் சிந்திக்கப் பழக வேண்டும். 50 மில்லிநொடி என்று நாம் எழுதுவது 60 ஹெர்ட்ஸ் திரையில் சரியாக 3 ஃபிரேம்கள். 75 ஹெர்ட்ஸ் திரையிலோ 4 ஃபிரேம்களாகி 53.3 மில்லிநொடி நிற்கும். 144 ஹெர்ட்ஸ் திரையில் 7 ஃபிரேம்களுக்கு 48.6 மில்லிநொடி ஆகும். தூண்டலைப் பங்கேற்பாளர் விடையளிக்கும் வரை திரையிலேயே நிறுத்திவைத்தால் இந்தத் தலைவலி இல்லை. பணி இடம்கொடுத்தால் அதையே செய்யலாம்.

தூண்டலின் அளவு முக்கியமான ஆய்வுகளில், பங்கேற்பாளரிடம் ஒரு வங்கி அட்டையைத் திரையின்மேல் வைத்து, திரையில் உள்ள செவ்வகத்தை அதன் அளவுக்கு இழுக்கச் சொல்லலாம். உலகெங்கும் அந்த அட்டைகளின் அகலம் 85.6 மில்லிமீட்டர் என்பதால், ஒரு மில்லிமீட்டரில் எத்தனை பிக்சல்கள் என்பது தெரிந்துவிடும். ஸ்ட்ரூப் போன்ற பணிக்கு இது மிகை. நிறப் பார்வை பற்றிய கேள்வி ஒன்றே போதும்.

முழுப் பணியும் 15 முதல் 20 நிமிடங்களுக்குள் முடிவது விரும்பத்தக்கது. ஆய்வகத்தில் ஒரு மணிநேரம் பொறுமையாக அமர்பவரும் வீட்டில் அவ்வாறு அமர்வதில்லை.

கருவியும் நிரலும்

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஜேஎஸ்சைக் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு பொருத்தமானது. கட்டணமற்றது, விரிவான விளக்க ஆவணங்களைக் கொண்டது. வரைபட முகப்பில் கட்டமைக்க விரும்புவோர் சைக்கோபையில் உருவாக்கிப் பாவ்லோவியா தளத்தில் ஏற்றலாம், கொரில்லா, லேப்.ஜேஎஸ் ஆகியவையும் அவ்வழியினவே. சொந்த சர்வரில் வைத்து நடத்த ஜாட்டோஸ் உதவும். இவற்றுள் எது சிறந்தது என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிடுவதைவிட, உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே ஒருவருக்குத் தெரிந்திருக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பதே மேல். பரிசோதனை தடுமாறும் நாளில் அருகில் கேட்க ஆள் இருப்பது சில மில்லிநொடித் துல்லியத்தைவிட மதிப்புமிக்கது.

கருவி எதுவானாலும், உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். காட்சி மாற்றங்கள் செட்டைம்அவுட் கட்டளையால் நடத்தப்படுகின்றனவா, ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் கட்டளையாலா என்பது முதல் கேள்வி. முதலாவது, குறைந்தது இவ்வளவு நேரமாவது கழியட்டும் என்ற உறுதியை மட்டுமே தருகிறது. இரண்டாவது, திரை அடுத்துப் புதுப்பிக்கப்படுவதற்கு முன் நிரலை அழைக்கிறது. நேரத்தைக் கணினியின் நாள்காட்டிக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல், உலாவியின் துல்லியக் கடிகாரமான பெர்ஃபார்மன்ஸ்.நவ் வழியே எடுக்க வேண்டும்; நாள்காட்டிக் கடிகாரம் இடையில் திருத்தப்பட்டால் நேரம் பின்னோக்கிக்கூட ஓடும். 2018-இன் தொடக்கத்தில் ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்புக் குறைபாடு வெளியானபின் உலாவிகள் தம் துல்லியக் கடிகாரத்தின் நுண்மையை வேண்டுமென்றே குறைத்தன. சில உலாவிகளில் நேரங்கள் முழு மில்லிநொடிகளாகவே வருவதற்கு அதுவே காரணம். நமது தேவைக்கு அது இடையூறன்று.

படங்கள், ஒலிகள், எழுத்துருக்கள் அனைத்தையும் முதல் முயற்சிக்கு முன்பே இறக்கிவைத்துவிட வேண்டும். சொற்களைத் தூண்டலாகப் பயன்படுத்தும்போது எழுத்துருவைப் பரிசோதனையோடு சேர்த்தே அனுப்புவது அவசியம். இல்லையேல் ஒவ்வொரு கணினியும் தன்னிடமுள்ள எழுத்துருவில் வெவ்வேறு அகலத்தில் சொல்லை வரையும். விசையை அழுத்திப் பிடித்திருந்தால் உலாவி அதே நிகழ்வைத் திரும்பத் திரும்ப அனுப்பும் என்பதால், அந்த மறுபதிவுகளை வடிகட்ட வேண்டும். எழுத்தின் அடிப்படையில் விசையை அடையாளம் காண்பதைவிட விசையின் இட அடிப்படையில் காண்பது பாதுகாப்பானது. பெரிய எழுத்துப் பூட்டோ வேறு மொழி விசையமைப்போ இயங்கிக்கொண்டிருந்தால் முதல் முறை எல்லா விடைகளையும் தவறெனப் பதிவு செய்துவிடும்.

பங்கேற்பாளர் வேறு தாவலுக்குச் சென்றுவிட்டால் உலாவி நமது பக்கத்தின் வேகத்தைக் குறைத்துவிடும், அல்லது காட்சியை முற்றிலும் நிறுத்திவிடும். இதைத் தடுக்க இயலாது. பதிவு செய்ய இயலும். முழுத்திரையிலிருந்து வெளியேறியது, பக்கம் மறைந்தது, மீண்டும் தெரிந்தது ஆகிய நிகழ்வுகளை நேரத்தோடு குறித்துவைத்தால், 9 நொடி எடுத்துக்கொண்ட ஒரு முயற்சி சிந்தனையின் விளைவா, வந்த குறுஞ்செய்தியின் விளைவா என்று பின்னர் தெரியும். திரையின் புதுப்பிப்பு வீதம், உலாவியின் பெயரும் பதிப்பும், இயங்குதளம் ஆகியவற்றையும் ஒவ்வொருவருக்கும் சேமிக்க வேண்டும். கைப்பேசிகளைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடுவது என் பரிந்துரை. தொடுதிரைக்கென்றே வடிவமைத்த பணியானால், மாறாகக் கணினிகளைத் தடுக்கலாம். இரண்டையும் கலப்பதுதான் கூடாதது.

தரவு இறுதியில் ஒரே தவணையாக அனுப்பப்படுமாறு விடாமல், முயற்சிகளின் ஒவ்வொரு தொகுதி முடிவிலும் அனுப்பப்படுமாறு அமைக்க வேண்டும். பாதியில் விட்டுச் சென்றவர்கள் யார், எந்த இடத்தில் சென்றார்கள் என்பது முடிவுகளின் நம்பகத்தைத் தீர்மானிக்கும் செய்தி. கடினமான நிலைக்கு ஒதுக்கப்பட்டவர்கள் மட்டும் அதிகமாக வெளியேறியிருந்தால், குலுக்கல் முறையில் பிரித்ததன் பயனே போய்விடும்.

முன்னோட்டம்

இந்தக் கட்டத்தை அவசரமாகக் கடப்பவர்களே மிகுதி. முதலில் நீங்களே மூன்று விதமாகப் பணியைச் செய்து பாருங்கள்: ஒருமுறை ஒழுங்காக, ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஒரே விசையை அழுத்தியபடி, ஒருமுறை இடையிடையே தாவல் மாற்றியும் பக்கத்தை மீளேற்றியும். மூன்றின் தரவுக் கோப்புகளையும் பகுப்பாய்வு நிரலில் செலுத்தி, முதலாவதை ஏற்றுக்கொண்டு மற்ற இரண்டையும் அது நிராகரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரவு சேகரிப்பதற்கு முன்பே பகுப்பாய்வு நிரல் முழுமையாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற நல்ல பழக்கமும் இதனாலேயே வந்துவிடும்.

காட்சி நேரத்தைச் சரிபார்க்க விலையுயர்ந்த ஒளி உணரி இல்லாதவர்கள், நொடிக்கு 240 ஃபிரேம்கள் எடுக்கும் கைப்பேசி ஒளிப்பதிவைப் பயன்படுத்தலாம். திரையும் விசையை அழுத்தும் விரலும் ஒன்றாகத் தெரியும்படி எடுத்து, ஃபிரேம்களை எண்ணினால் ஏறத்தாழ 4 மில்லிநொடி நுண்மையில் உண்மை நேரம் கிடைக்கும். பதிவான எண்ணோடு அதை ஒப்பிடலாம். ஒரு பழைய மடிக்கணினியிலும் இதைச் செய்து பார்ப்பது கட்டாயம், ஏனெனில் ஆய்வாளரின் கணினி பெரும்பாலும் பங்கேற்பாளருடையதைவிடப் புதியது.

அதன்பின் பணியைப் பற்றி ஒன்றும் அறியாத சிலரை அருகில் அமர்த்தி, உதவாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இணையத்தில் கேள்வி கேட்க எவரும் இல்லை என்பதால், அறிவுறுத்தல்களில் உள்ள ஒரு தெளிவற்ற வாக்கியம் பத்தில் மூன்று பேரைத் தவறான பணியைச் செய்ய வைத்துவிடலாம். பயிற்சிச் சுற்றில் சரி, தவறு என்று சொல்லி, குறிப்பிட்ட அளவு சரியாகச் செய்தவரையே முதன்மைப் பணிக்கு அனுப்பினால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீரும்.

பங்கேற்பாளர்கள்

நெறிமுறைக் குழுவின் அனுமதி, தெளிவான ஒப்புதல் படிவம், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, முடிவில் ஆய்வின் நோக்கத்தை விளக்கும் பக்கம் ஆகியவை ஆய்வகத்தைப் போலவே இங்கும் பொருந்தும். கூடுதலாக, ஐபி முகவரி தேவையின்றிச் சேமிக்கப்படாதவாறு கருவியின் அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். புரோலிஃபிக் போன்ற தளங்கள் வழியே ஆட்களைச் சேர்க்கும்போது, உண்மையாகத் தேவைப்படும் நேரத்துக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும். மெதுவாகவோ தவறுகளோடோ செய்தார் என்பதற்காக ஒருவருடைய ஊதியத்தை மறுப்பது முறையன்று. அவருடைய தரவைப் பகுப்பாய்விலிருந்து நீக்குவது வேறு, அவர் செலவிட்ட நேரத்துக்கு ஈடு தருவது வேறு.

தரவைப் பகுத்தாய்தல்

எதிர்வினை நேரங்கள் மணி வடிவப் பரவலில் அமைவதில்லை. இடப்பக்கம் செங்குத்தாக ஏறி, வலப்பக்கம் நீண்ட வாலாக இறங்கும். இணையத்தில் அந்த வால் இன்னும் நீளும். ஆகவே எவற்றை நீக்குவது என்ற விதிகள் முடிவைப் பெரிதும் மாற்றவல்லவை. அவற்றைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி, திறந்த அறிவியல் கட்டமைப்பான ஓஎஸ்எஃப் போன்ற இடத்தில் முன்பதிவு செய்வதே நேர்மையான வழி.

வரிசை இவ்வாறு இருக்கலாம். முதலில் மொத்தத் துல்லியம் குறைந்தவர்கள், பெரும்பான்மை முயற்சிகளில் ஒரே விசையை அழுத்தியவர்கள் ஆகியோர் நீக்கப்படுவர். பின்னர் தவறான விடைகள் நேரப் பகுப்பாய்விலிருந்து ஒதுக்கப்படும். ஆனால் தவறுகளின் விகிதம் தனியாக ஆராயப்பட வேண்டும், ஏனெனில் ஒரு நிலையில் வேகம் கூடியதற்குக் காரணம் கவனத்தை விட்டுக்கொடுத்ததாகவும் இருக்கலாம். அதன்பின் தேர்வுப் பணிகளில் 150 அல்லது 200 மில்லிநொடிக்குக் குறைவானவை முன்னூகமாக அழுத்தப்பட்டவை என நீக்கப்படும். மேல் வரம்பு பணியைப் பொறுத்தது. ஸ்ட்ரூப்புக்கு 2 அல்லது 3 நொடி என்று வைப்பது வழக்கம்.

திட்ட விலக்கத்தை அளவாகக் கொண்டு நீக்குவதாயின், ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக வரம்பைக் கணக்கிடக் கூடாது. அவ்வாறு செய்வது நியாயமாகத் தோன்றினாலும், இல்லாத வேறுபாட்டை உண்டாக்கிக் காட்டும் வாய்ப்பை அது கூட்டுகிறது. வரம்பு கருதுகோளை அறியாததாக, அதாவது எந்த முயற்சி எந்த நிலையைச் சேர்ந்தது என்று பாராமல் கணக்கிடப்பட்டதாக, இருக்க வேண்டும். இடைநிலை அளவைப் பயன்படுத்துவோர், நிலைகளில் முயற்சிகளின் எண்ணிக்கை மிகவும் வேறுபட்டால் அதுவும் சாய்வு தரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பங்கேற்பாளரையும் தூண்டலையும் தற்செயல் விளைவுகளாகக் கொள்ளும் கலப்பு மாதிரியே பெரும்பாலான ஆய்வுகளுக்கு என் தேர்வு. மடக்கை மாற்றம் செய்வதா வேண்டாமா என்பது கேள்வியைப் பொறுத்தது: விளைவைக் கூட்டல் கழித்தலாகக் கருதினால் மில்லிநொடிகளிலேயே விடுவதும், விகிதமாகக் கருதினால் மடக்கையாக்குவதும் பொருந்தும். கழித்தலின் பலனை நம்பி வடிவமைத்த பரிசோதனையில் மடக்கை எடுத்தால், கணினியின் மாறாத தாமதம் முழுமையாக மறைவதில்லை என்பதும் இங்கே எண்ணிப் பார்க்கத்தக்கது.

கட்டுரையில் எழுதும்போது, கருவியின் பெயர் மட்டுமல்லாமல் பதிப்பு எண்ணும், பங்கேற்பாளர்கள் பயன்படுத்திய உலாவிகள், இயங்குதளங்கள், திரைப் புதுப்பிப்பு வீதங்கள் ஆகியவற்றின் பரவலும், ஒவ்வொரு விதியாலும் எத்தனை பேர், எத்தனை முயற்சிகள் நீக்கப்பட்டன என்ற எண்ணிக்கையும், பாதியில் விலகியோர் விவரமும் இடம்பெற வேண்டும். மதிப்பாய்வாளர் தம் உலாவியில் பணியைச் செய்து பார்க்கும்படி இணைப்பு ஒன்றும், நீக்கப்பட்ட முயற்சிகளையும் உள்ளடக்கிய மூலத் தரவும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். அந்தக் கோப்பை ஏற்றுவதற்கு முன், ஆட்சேர்ப்புத் தளம் ஒவ்வொருவருக்கும் தந்த அடையாள எண்களை நீக்கி, புதிய வரிசை எண்களை இட்டுவிட வேண்டும்.